ஒரு படி ஏற்றிச் சொன்னவள்

ஆபத்துக்கு இங்கிலீஷில் எத்தனை சொல் இருக்கிறது என்று ஜெயக்கொடியைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒன்பது சொல்லுவாள். பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷத்தில் ஐந்து மார்க் கேள்வி அது. ஒவ்வொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதி நாலரை வாங்கினாள். எழுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்த பெண்ணுக்கு அந்த நாலரை பெரிய விஷயம்தான். டீச்சராகப் போவோம் என்று இருந்தாள். தகுதித் தேர்வு மூன்று தடவை காலை வாரிவிட்டது. கல்யாணமாகி, மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்து, கடைசியில் அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஒன்பது சொல்லில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

வேலை இதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் சொந்தக்காரர்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். டாக்டர்களுக்கு அதற்கு நேரம் கிடையாது. நேரம் இருந்தாலும் உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அவர்கள் பேசுவது புரியாது. அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு மீனாட்சி படம், முகம் துடைக்கப் பேப்பர் வைத்த ஒரு டப்பா. ஊர்ப் பெண்கள் அந்தப் பேப்பரைத் தொடமாட்டார்கள். சேலைத் தலைப்பு இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பார்கள்.

நம் ஊரில் இந்த ஆபத்துச் சொற்களுக்குக் கிடைத்திருக்கிற மரியாதையைச் சொல்லி மாளாது. மின்சார டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓடு போட்டு ‘டேஞ்சர்’ என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையின் ஆணியிலேயே இளநீர்க்காரர் தன் மஞ்சள் பையை மாட்டியிருப்பார். கோரிப்பாளையம் சந்திப்பில் கார்க்காரர்கள் ஹசார்ட் லைட்டை நாலு பக்கமும் மினுக்கவிட்டால் ஆபத்து என்று அர்த்தம் இல்லை. நான் நேரே போகிறேன், ஒதுங்கு என்று அர்த்தம். ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் பாண்டியராஜன், சித்தப்பா மகள் பிள்ளையின் காதுகுத்துக்குப் போக ‘எமர்ஜென்சி லீவு’ போட்டவர். ‘டேஞ்சரான ஆளு மாப்ள’ என்று சொன்னால் அது புகழ்ச்சி. ஜவுளிக் கடையில் பச்சைச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன்கூட, “சாயம் போயிருமோ, ரிஸ்க்குண்ணே” என்பான்.

இப்படித் தெருவில் சீப்பட்டுக் கிடக்கிற சொற்கள் அந்தச் சின்ன அறைக்குள் வந்ததும் திரும்ப உயிர் பெற்றுவிடும். அங்கே அவற்றுக்கு ஒரு படிவரிசை இருந்தது. கீழ்ப்படி ரிஸ்க். அடுத்தது ஹை ரிஸ்க். அதற்கு மேல் கிரிட்டிகல். உச்சிப்படி சீரியஸ். இங்கிலீஷ்காரனைக் கேட்டால் கிரிட்டிகல்தான் மேலே என்பான். அவன் சொல்வது அவன் ஊருக்கு. நம் பக்கத்தில் ‘ஆளு சீரியஸாம்’ என்று ஒரு போன் போனால் போதும், திருப்பூரில் இருக்கிறவன் பஸ் ஏறிவிடுவான், பந்தல்காரர் கம்பை எண்ணத் தொடங்கிவிடுவார்.

ஜெயக்கொடி வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர் சொன்னதை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஒரு பெரியவர் விஷயத்தில், “பயப்பட ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். பிள்ளைகள் வந்து வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்தார்கள். மறுநாள் நிர்வாக மேலாளர் சாய்ராம் அவளைக் கூப்பிட்டார். நெற்றியில் விபூதி, பேச்சில் தேன். “இனிமே எதையும் ஒரு படி ஏத்தியே சொல்லுங்கம்மா. பொழச்சா நம்ம கைராசி. போயிட்டா, நாங்க முன்னாடியே சொன்னோமேன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் நட்டமில்ல பாருங்க” என்றார்.

யாருக்கும் நட்டமில்லை. அதை அவளும் நம்பினாள், அதுதான் அவள் செய்த தப்பு. அன்றிலிருந்து டாக்டர் ரிஸ்க் என்றால் அவள் ஹை ரிஸ்க் என்றாள். கிரிட்டிகல் என்றால் சீரியஸ் என்றாள். மதுரைக்காரர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. புதுமண்டபத்துக் கடைகளில் பேரம் பேசிப் பழகியவர்கள், யார் என்ன சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் காதில் வாங்குவார்கள். சீரியஸ் என்று சொன்ன பத்தாவது நிமிஷம் கேன்டீனில் உளுந்தவடை தின்றுகொண்டிருப்பார்கள். கழிக்கத் தெரியாதவர்கள் மேற்கே உசிலம்பட்டி, எழுமலைப் பக்கமிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் ஒரு சொல் சொன்னால் அது சொன்னபடியே போய் உட்காரும்.

இது அவளுக்குத் தெரியாததா? அவளும் அந்த மண்தானே. அவளுடைய அப்பாவையே ஒரு காலத்தில் இப்படித்தான் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள் சீரியஸ் என்று தெரிந்தால் அங்கே ஒரே ஒரு கவலைதான். உயிர் இருக்கும்போதே ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். வெளியே செத்த பிணத்தை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். தெருவில்தான் கிடத்த வேண்டும். சொந்த வாசலைத் தாண்டி, சொந்தக் கூரையின் கீழ், பெண்டாட்டி கையால் ஒரு வாய் பால் வாங்கிப் போவதுதான் சாவு. மற்றதெல்லாம் அநாதைச் சாவு. இதெல்லாம் தெரிந்தவள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை அழகுபாண்டியைக் கொண்டு வந்தார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காடு. நாற்பத்தொரு வயசு. மொச்சை விதைத்துவிட்டுக் காட்டுக் கொட்டகையில் தரையில் படுத்திருந்திருக்கிறார். விடிந்து எழுந்தவர் வயிற்றைப் பிசைகிறது என்றார். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கண் இமை தொங்கிப் பேச்சுக் குழறிய பிறகுதான் கொட்டகைக்குள் தேடிப் பார்த்துக் கட்டுவிரியனைக் கண்டார்கள். உசிலம்பட்டியில் விஷமுறிவு ஊசி போட்டு இங்கே வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுபோகிற நிலை. வெண்டிலேட்டரில் போட்டார்கள்.

மதியம் டாக்டர் ஸ்ரீராம்குமார் அறுவை அரங்குக்குள் போகிற அவசரத்தில், நடந்துகொண்டே ஜெயக்கொடியிடம் சொன்னார். “நரம்பு விஷம். தசையெல்லாம் படுத்துருச்சு. பாக்கறதுக்குச் செத்த ஆள் மாதிரிதான் இருப்பார். ஆனா மிஷின்ல இருந்தா நாலஞ்சு நாள்ல தன்னால திரும்பிரும். எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போவார் பாருங்க. இப்போதைக்கு கிரிட்டிகல்னு சொல்லிடுங்க.”

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அழகுபாண்டியின் பெரியப்பா உக்கிரபாண்டி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்காராமல் நின்றார். தம்பி ஒருவன் சுவரோரம் நின்றான். மனைவி முனீஸ்வரி மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. போட்டுக்கொள்ளத் தோன்றாமல் வண்டி ஏறியிருக்கிறாள்.

“தாயி, நீ எந்தப் பக்கம்?” என்று கேட்டார் உக்கிரபாண்டி.

“எழுமலைப் பக்கம் பெரியப்பா.”

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. அப்புறம்தான் உட்கார்ந்தார். “அப்பச் சரி. நம்ம புள்ள நீயி. நம்மகிட்டப் பொய் சொல்ல மாட்ட. வெள்ளச் சட்டைக்காரவுக ஆளுக்கு ஒண்ணு சொல்லுறாக. நீ முடிவாச் சொல்லு ஆத்தா. என் மகன் எப்புடி இருக்கான்?”

அந்த இடத்தில் ஜெயக்கொடி ஒரு நொடி நின்றிருக்கலாம். நாலு நாளில் நடந்து போவார் என்று டாக்டர் சொன்னது அவள் நாக்கில்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷப் பழக்கம். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. ஒரு படி ஏற்றித்தானே சொல்கிறோம், பிழைத்தால் சந்தோஷப்படட்டுமே என்று மனசு சமாதானம் சொன்னது.

“சீரியஸ்தான் பெரியப்பா. எதுவும் சொல்றதுக்கில்ல. சொல்ல வேண்டிய ஆளுகளுக்குச் சொல்லி விட்டுருங்க” என்றாள்.

முனீஸ்வரி அழவில்லை. பெரியப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நல்லது தாயி. உள்ளதச் சொன்ன” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடி வழியாக அவர்கள் அழகுபாண்டியைப் பார்த்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. தம்பி உள்ளே போய்க் கையைக் கிள்ளிப் பார்த்தான், அசைவில்லை. ‘அண்ணே, அண்ணே’ என்று காதில் கூப்பிட்டான், அசைவில்லை. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எழுமலைப் பெண்ணே சொல்லிவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ், ‘சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்’ என்ற தாளைக் கோப்பில் வைக்கக் கொண்டுவந்தாள். மேலே அழகுபாண்டி பெயர். கீழே முனீஸ்வரியின் கையெழுத்து, எழுத்துக் கூட்டி எழுதியது. ஜெயக்கொடி தாளைப் போட்டுவிட்டு எழுந்தாள். லிப்டுக்கு நிற்காமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்திருந்தது. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பலூனை வைத்துக்கொண்டு ஒரு ஆள் உள்ளே ஏறியிருந்தான். வீட்டு வாசல் தாண்டுகிற வரைக்கும் அமுக்குவான். தாண்டியதும் குழாயை எடுத்துவிடுவான். அவனுக்கு அது வாரத்துக்கு இரண்டு முறை வருகிற வேலை.

“பெரியப்பா, வேணாம் பெரியப்பா. எறக்குங்க” என்று அவர் கையைப் பிடித்தாள். “நாலு நாள் பொறுங்க. பொழச்சிருவாரு. டாக்டர் சொன்னாரு. நெசமாச் சொல்றேன், நடந்து வீட்டுக்கு வந்துருவாரு.”

உக்கிரபாண்டி அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பாள். “நீதானத்தா சொன்ன?”

“நான் சொன்னது… அது நாங்க எப்பவும்… கொஞ்சம் கூட்டித்தான்…”

திரும்பிப் பார்த்தாள். பின்னால் சாய்ராம் படியில் நின்றுகொண்டிருந்தார்.

உக்கிரபாண்டி அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். “தெரியுது தாயி. பெட்டக் காலி பண்ணுறோம், வருமானம் போயிரும்னு ஒன்னைய அனுப்பி விட்டிருக்காக. நீ என்ன பண்ணுவ, சம்பளத்துக்கு இருக்குற புள்ள. மொதல்ல சொன்னயே, அதுதான் ஒன் வாயி. இது அவுக வாயி.” அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். “பொழுதுக்குள்ள எல்லை தாண்டணும். எடுப்பா வண்டிய.”

ஜெயக்கொடி சாய்ராமிடம் ஓடினாள். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றாள். டாக்டர் அறுவையில் இருக்கிறார் என்றார் அவர். “கையெழுத்துப் போட்டாச்சும்மா. நாம போலீஸா, வண்டிய மறிக்க?” என்றார். வண்டி மேற்கே திரும்பிப் போனது. அவள் வாசலிலேயே நின்றாள். செய்த பாவம் கண்ணெதிரே வண்டியேறிப் போகிறது, கைதட்டிக் கூப்பிடக்கூட வழியில்லை. காவல்காரர் வந்து வெயிலில் நிற்காதீர்கள் அம்மா என்றார்.

சாயங்காலம் அறுவை முடித்து வந்த ஸ்ரீராம்குமார், காலியான கட்டிலைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்தார். யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் வேறொன்றைச் சொன்னார்.

“இந்த விஷத்துல கொடுமை என்னன்னா, மூளைக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணைத் தொறக்க முடியாது, விரல அசைக்க முடியாது, அவ்வளவுதான். காது கேக்கும். நீங்க பேசுனது, அவங்க பேசுனது எல்லாம் கேட்டிருக்கும்.”

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், பாண்டியராஜனுக்குப் பரிமாறினாள். தட்டில் கை வைத்தவள் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தாள். “என்னாச்சு?” என்று அவர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, தலைவலி” என்றாள். கிள்ளியபோது அழகுபாண்டிக்கு வலித்திருக்கும். ‘அண்ணே’ என்று கூப்பிட்டதற்கு உள்ளே இருந்து பதில் சொல்லியிருப்பார். வேலையை விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுக்க ஒரு தாளை எடுத்தாள். மகள் சுஷ்மாவுக்கு அது பத்தாம் வகுப்பு வருஷம். தாள் பையிலேயே மடங்கிக் கிடந்தது. சாய்ராமிடம் போய், இனி உள்ளதை உள்ளபடிதான் சொல்வேன் என்று மட்டும் சொன்னாள். “சொல்லுங்க. அடுத்து கண்ணாடி ஒடையறப்ப நீங்க முன்னாடி நில்லுங்க” என்றார் அவர். ஒரு வாரம் உள்ளபடி சொன்னாள். அப்புறம் நாக்கு தானாகப் பழைய படிக்கு ஏறிக்கொண்டது. அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் முனீஸ்வரி அந்த அறை வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை காலில் செருப்பு இருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் ஒரு துணிப்பை.

ஜெயக்கொடி எழுந்துவிட்டாள். கேட்டுவிடுவாள், இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று தோன்றியது. கேட்கட்டும், செருப்பைக் கழற்றி அடிக்கட்டும் என்றுகூட ஒரு மனசு ஆசைப்பட்டது.

“ஒக்காருங்கக்கா. எதுக்கு எந்திரிக்கிறீக?” என்றாள் முனீஸ்வரி. பையை மேசைமேல் வைத்தாள். “மொச்சை. அவரு வெதச்சதுதான். இந்த வருசம் நல்லாக் காச்சுப்போச்சு. ஒங்களுக்குக் குடுக்காம எப்புடி? அதான் எடுத்துட்டு வந்தேன்.”

“எனக்கு எதுக்கு?”

“நல்லாக் கேட்டீக. இம்புட்டுப் பேரு இருக்குற ஆஸ்பத்திரியில நீங்க ஒருத்தருதான உண்மையச் சொன்னீக? இல்லாட்டி இங்ஙனயே கெடந்து, பொட்டணமாக் கட்டிக் குடுத்திருப்பாக. தெருவுல போட்டு அழுதிருப்போம். உசுரோட வீடு வந்து சேந்தாருக்கா.” தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாசலத் தாண்டி உள்ள படுக்க வெச்சோம். புள்ளைக அப்பான்னு கூப்புட்டுச்சுக. அப்பப் பாத்தா, ரெண்டு கண்ணோரமும் தண்ணியா ஒழுகுது. சொந்த வீட்டுக்கு வந்துட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குக்கா. அந்தச் சந்தோசத்தோடதான் போனாரு.”

ஜெயக்கொடி மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா” என்றாள் முனீஸ்வரி, குரலைத் தாழ்த்தி. “கொழாய எடுக்கவான்னு அந்தாளு கேட்டப்ப, நாந்தான் தலையாட்டுனேன். பெரிய மாமா எனையத்தான் சொல்லச் சொன்னாரு. சில நாளு தூக்கம் வரமாட்டேங்குது. இங்ஙனயே விட்டுருந்தா பொழைக்க வழி இருந்துச்சா? மறைக்காமச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்.”

நாலு படிச் சொல்லும் ஜெயக்கொடிக்குக் கைகொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இவள் இன்றைக்கே செத்தாள். பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை. பொய் சொன்னால், அந்த மனுஷனைக் கொன்றது போதாதென்று அவன் கண்ணீரையும் பொய்யாக்கிய பாவம். அந்தப் பொய்யில் ஆஸ்பத்திரியும் தப்பும், தானும் தப்புவோம் என்பதும் தெரிந்தது. அதுதான் அதிகமாக எரிந்தது.

“வழி இல்லம்மா” என்றாள். “நீ செஞ்சது சரிதான். போயி நல்லாத் தூங்கு.” ‘பயப்பட ஒண்ணுமில்ல’ என்ற அந்தப் பழைய சேதிக்கு அப்புறம் அந்த அறையில் இங்கிலீஷ் கலக்காமல் அவள் சொன்ன முதல் சேதி அது.

முனீஸ்வரி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. ஐந்து மாசத்தில் முதல் தடவையாக முகம் தெளிந்த மாதிரி இருந்தது. ஜெயக்கொடியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எனக்கு அது போதும்க்கா. ஊருல எல்லாருகிட்டயும் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. யாருக்கு முடியலைன்னாலும் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, அங்க எழுமலைக்கார அக்கா இருக்காக, அவுக வாயில வாரதுதான் வாக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவுக சீரியஸ்னு சொல்லிட்டாகன்னா, ஒரு நிமிசம் யோசிக்காதீக, ஆளத் தூக்கிட்டு வந்துருங்கன்னு. இன்னைக்கே எங்க தெருவுல அன்னக்கொடின்னு ஒரு பொண்ணு, அது வீட்டுக்காரரு டிராக்டர்ல இருந்து விழுந்துட்டாருன்னு காலையில கொண்டாந்தோம். உள்ளதான் சேத்துருக்கு. அது வெளிய நிக்குதுக்கா, வரச் சொல்லவா?”

ஜெயக்கொடி மேசைமேல் கிடந்த அன்றைய தாளைப் பார்த்தாள். டிராக்டர் விபத்து, தலையில் அடி, கிரிட்டிகல் என்று எழுதியிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு பெண் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.